ரேஸ் காரின் சத்தத்தை நிறுத்தினேன்

என்ஜினில் சத்தம் என்று வருகிறவர் வண்டியை மட்டும் கொண்டுவருவதில்லை. அந்தச் சத்தத்தைத் தன் வாயாலும் போட்டுக் காட்டிவிட்டுத்தான் நம்மை பானெட்டைத் திறக்க விடுவார். ‘கொட கொட கொட’ என்பார் ஒருவர். இன்னொருவர் நாக்கை மடித்து ‘டொக்’ என்பார். ஒரு லாரி டிரைவர் தன் கன்னத்தை உப்பவைத்து விரலால் தட்டியே மூன்று நிமிஷம் என்ஜின் ஓட்டிக் காட்டினார். உங்களில் காரோ லாரியோ, கிணற்று மேட்டில் ஓர் ஆயில் என்ஜினோ வைத்துக்கொண்டு அவதிப்படுகிறவர்களுக்கு இது தெரியும். நீங்களும் போட்டுக் காட்டியிருப்பீர்கள். வெட்கப்பட வேண்டாம், சிரிக்காமல் கேட்டுக்கொண்டு நின்றவன் பட்ட பாடும் கொஞ்சநஞ்சமல்ல.

அறுபதுகளின் கடைசியில் தர்மபுரியில், கிருஷ்ணகிரி ரோட்டில் இருந்த ஒரு லாரி ஷெட்டில் எனக்கு ராத்திரி வேலை. அதற்கு முன்னால் தறி நெய்தேன், டென்ட் கொட்டகையில் டிக்கெட் கிழித்தேன், பஸ்ஸில் கிளீனராகப் போனேன். எதிலும் மனசு ஊன்றவில்லை. வீட்டில் எதிர்பார்த்திருக்க ஆள் இல்லை, ராத்திரியில் தூக்கமும் இல்லை. ஷெட் ஓனர் மாதப்பன் என்னை வாட்ச்மேனாகத்தான் சேர்த்துக்கொண்டார். வருகிற லாரிகளைக் கேட்டுக் கேட்டு, ரோட்டில் திரும்பும்போதே இதில் இன்ன கோளாறு என்று சொல்ல ஆரம்பித்தேன். பிறகு கையில் ஸ்பேனர் வந்துவிட்டது. எனக்கு ஒருத்தரும் சொல்லித்தரவில்லை என்பதைப் பத்துப் பன்னிரண்டு வருஷம் பெருமையாகச் சொல்லிக்கொண்டு திரிந்தேன். ஒரு சிவப்புக் கார் வந்த பிறகு அதைச் சொல்லும்போது குரலைக் கொஞ்சம் தாழ்த்திக்கொள்கிறேன்.

வீட்டம்மா ஏறினால் சத்தம்

அந்தக் கார் வருவதற்கு முன்னால் இன்னொரு கார். இண்டூரிலிருந்து ஒரு விவசாயி தன் பழைய காரில் மனைவியோடு காலையிலேயே வந்துவிட்டார். நான் வேலை முடிந்து பாயை விரிக்கிற நேரம். “என்ஜினுக்கு அடியில தகரத்த போட்டு அடிக்கிற மாதிரி சத்தமுங்க” என்று வாயாலும் கையாலும் அடித்துக் காட்டினார். நான் ஓட்டிப் பார்த்தேன், சத்தம் இல்லை. அவர் ஓட்டினார், இல்லை. கிளம்பிப் போனார், அரை மைலில் திரும்பி வந்தார். “இப்ப அடிக்குதுங்க!” அவர்கள் இறங்கினார்கள், நான் ஏறினேன். சத்தம் இல்லை.

மூன்று தடவை இப்படி ஆனபிறகுதான் எனக்கு உறைத்தது. அந்த அம்மா பின்சீட்டில் இடதுபக்கம் உட்கார்ந்தால் மட்டும் சத்தம் வந்தது. அடியில் படுத்துப் பார்த்தேன். சீட்டுக்குக் கீழே தரைத்தகடு துருப்பிடித்துத் தொய்ந்து போயிருந்தது. ஆள் ஏறினால் அது இறங்கி, புகைக்குழாயில் உட்கார்ந்து தாளம் போட்டது. குழாயை இரண்டு விரற்கடை இறக்கிக் கட்டினேன், தீர்ந்தது. விஷயத்தை எப்படிச் சொல்வது என்று தயங்கித் தயங்கி, “அம்மா எறங்கிட்டா சத்தம் நின்னுடுதுங்க, அதான் காரணம்” என்று சொல்லிவிட்டேன். அந்த அம்மா கோபித்துக்கொள்ளவில்லை. புருஷனைப் பார்த்துக்கொண்டே என்னிடம் சொன்னார்: “இவரு வூட்லயும் இதையேதானுங்க சொல்லிக்கிட்டு இருக்காரு.”

சிவப்பாக ஒன்று வந்தது

பொங்கல் கழிந்து ஒரு சாயங்காலம், விளக்கு வைக்கிற நேரத்தில் அந்தச் சிவப்புக் கார் ஷெட்டுக்குள் நுழைந்தது. நுழைந்தது என்ன, லாரிகளுக்கு நடுவில் ஊர்ந்து வந்தது. உட்கார்ந்தால் தரையைத் தொடலாம், அவ்வளவு தணிவு. இரண்டே பேருக்கு இடம். கூரை கிடையாது. சீமையில் செய்த ரேஸ் கார். ஓட்டிவந்தவன் பெயர் சவரிமுத்து, முப்பது வயதிருக்கும், கடத்தூர்ப் பக்கத்துக்காரன். அப்பா, அண்ணன்கள் எல்லாருக்கும் கடலைக் காட்டில் வேலை. இவன் மட்டும் ஏற்காட்டில் ஒரு காப்பி எஸ்டேட் முதலாளியிடம் டிரைவர். முதலாளிக்கு இடுப்பு பிடித்துக்கொண்டதிலிருந்து, மெட்ராஸுக்கு வெளியே பழைய விமான ஓடுதளத்தில் நடக்கிற ரேஸில் காரை இவன்தான் ஓட்டுகிறான்.

“மேடு ஏறி ஆக்ஸிலேட்டர மிதிச்சா உள்ள ‘டக்’குங்குது அண்ணா. போன தடவ ரேஸ்ல இதுக்குப் பயந்து பாதியில நிறுத்திட்டேன். இப்ப பெங்களூர்ல பெரிய ஒர்க்‌ஷாப்புல காட்டிட்டு வரேன். பிக்கெண்டு பேரிங் போச்சாம், என்ஜினையே எறக்கணும், ரெண்டு மாசம் ஆவும்ங்கறாங்க. ரேஸுக்கு இருபது நாள்தான் இருக்குது. இந்தத் தடவையும் ஓடி முடிக்கலைன்னா கார வித்துடுவேன்னு மொதலாளி சொல்லிட்டாரு. எஸ்டேட் ஜீப்ப ஓட்ட வேற ஆளு இருக்குது. எனக்கு இந்தக் கார்தான் வேலையே.”

அவன் இதைச் சொல்லும்போது எங்கள் ஷெட் டிங்கர் நஞ்சப்பா காரைச் சுற்றிவந்துகொண்டிருந்தான். தேன்கனிக்கோட்டைப் பக்கத்தில் கன்னடம் பேசுகிற குடும்பத்துப் பையன். நசுங்கிய தகடு எதைக் கண்டாலும் சுத்தியல் தேடுவான். முன்சக்கரத்து மட்கார்டு நசுங்கியிருந்ததைத் தடவிப் பார்த்தான், ஏறி உட்கார்ந்து பார்த்தான், முழங்கால் தாடையில் இடித்தது. இறங்கிவந்து என் காதில் சொன்னான்: “ஏனு மாடோது, என்ன பண்றது அண்ணா, இதுக்குள்ள ஏறறதுக்கே மொதல்ல நம்மள ரிப்பேர் பண்ணணும் போல இருக்கே.”

நிசப்தம்

பானெட்டைத் திறந்து என்ஜினை ஓட்டச் சொன்னேன். தையல் மிஷின் நாலு சேர்ந்து ஓடுவதுபோல மேலிருந்து கடகடவென்று ஒரு சத்தம். அவ்வளவுதான், அவன் சொன்ன ‘டக்’ எனக்கு மறந்தே போயிற்று. வால்வைத் தட்டித் திறக்கிற கைக்கும் வால்வுக்கும் நடுவில் தகடு நுழைகிற அளவுக்கு ஓர் இடைவெளி உண்டு. அது அகன்றுபோனால் கடகடக்கும். டேப்பட் சத்தம் என்போம். எங்கள் ஷெட்டின் கௌரவமே அந்தச் சத்தத்தை ஒழிப்பதில்தான் இருந்தது. லாரி வெளியே போகும்போது டேப்பட் கேட்டால் மாதப்பன் திரும்பக் கூப்பிட்டுவிடுவார்.

சவரிமுத்து கடைசி பஸ்ஸைப் பிடித்துக் கடத்தூருக்குப் போனான். நான் எட்டு வால்வுக்கும் இடைவெளியைக் குறைத்தேன். மற்ற சின்னக் கார்களுக்கு வைக்கிற அளவுதான். ஒரு தரம் முடித்து, திருப்தி இல்லாமல் இன்னும் கொஞ்சம் இறுக்கினேன். காலையில் ஓட்டிக் காட்டியபோது என்ஜின் பூனை மாதிரி இருந்தது. நான் பாராட்டுக்குக் காத்து நின்றேன். சவரிமுத்து காதைப் பானெட் பக்கம் கொண்டுபோனான், எடுத்தான், மறுபடி கொண்டுபோனான். முகம் விழுந்துவிட்டது. “என்னாங்க அண்ணா இது, எழவு வூடு மாதிரி இருக்குது?”

கயிற்றில் வந்த ரேஸ் கார்

தொப்பூர்க் கணவாய் வரை போய், இறங்கித் திரும்ப ஏறிப் பார்த்துவிட்டு வருவதாகச் சொல்லிப் போனான். ஒன்பது மணிக்குப் போனவன் பதினொன்றாகியும் வரவில்லை. எனக்குத் தூக்கம் வரவில்லை. பன்னிரண்டரைக்குப் புளி மூட்டை ஏற்றிய லாரி ஒன்று மெதுவாக வந்து நின்றது. அதன் பின்னால் கயிற்றில் சிவப்புக் கார். மேட்டில் பாதியில் பட்டாசு மாதிரி வெடித்து, இழுவை போய், நின்றேவிட்டதாம். சவரிமுத்து ஸ்டியரிங்கைப் பிடித்தபடி நேராகப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். தலையெல்லாம் லாரிப் புழுதி.

மேல்மூடியைக் கழற்றினேன். ஒரு வால்வின் விளிம்பு கடித்துத் துப்பிய முறுக்கு மாதிரி எரிந்து போயிருந்தது. அப்போதுதான் புரிந்தது. ரேஸ் என்ஜின் லாரி மாதிரி சூடேறுவதில்லை, கொதிக்கும். கொதித்தால் வால்வு நீளும். அது நீளுவதற்கு இடம் விட்டுத்தான் அதைச் செய்தவன் அந்தக் கடகடப்பை வைத்திருக்கிறான். நான் இடத்தை அடைத்துவிட்டேன். நீண்ட வால்வு மூட முடியாமல் நெருப்பிலேயே நின்று வெந்திருக்கிறது. லாரி டிரைவர் கயிற்றைச் சுருட்டிக்கொண்டே சொன்னார்: “ரேஸ் காருங்களா? நம்ம வண்டிக்குப் பின்னாடி நல்லாத்தானுங்க ஓடி வந்துச்சு.”

பெட்ரோல் மேல் பழி

மாதப்பன் என்னைத் தனியாக ஒதுக்கிக் கூட்டிப் போனார். “பெட்ரோல்ல சீமெண்ணெய் கலந்திருக்குதுன்னு சொல்லிடுப்பா. எல்லாரும் அதைத்தான் சொல்றது. எவன் போயி பாக்கப் போறான்?” நியாயமான யோசனைதான். நானே பல பேருக்கு அதைச் சொல்லியிருக்கிறேன். ஆனால் சவரிமுத்து காலையில் காதைக் கொண்டுபோய்க் கொண்டுபோய் எடுத்தது கண்ணிலேயே நின்றது. அவன் காதுக்குத் தெரிந்தது என் காதுக்குத் தெரியவில்லை.

சவரிமுத்து டயர் மேல் உட்கார்ந்து டீயை ஆறவைத்துக்கொண்டிருந்தான். பக்கத்தில் போய் உட்கார்ந்து, “நாந்தாம்பா பண்ணேன். இடைவெளிய கொறச்சது தப்பு. வால்வு வெந்துடுச்சு. பெட்ரோல் மேல ஒண்ணும் குத்தமில்ல” என்றேன். இருபதில் ஒரு நாள் போய்விட்டது. அவன் டீயை ஒரே மடக்கில் குடித்துவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டு சொன்னான்: “மட்கார்டு நசுங்குனது எருமை முட்டுனதுன்னு மொதலாளிகிட்ட சொல்லி வெச்சிருக்கேன் அண்ணா. அது மைல்கல்லு.”

எல்லாம் எழுதித்தான் இருந்தது

அந்த வால்வு சேலத்தில் கிடைக்கவில்லை. சவரிமுத்து ஏற்காட்டுக்கு டிரங்கால் போட்டு, “இன்னும் கொஞ்ச நாள் ஆவுங்க” என்று மட்டும் சொல்லி வைத்துவிட்டான். கடைசியில் ஒரு டிராக்டரின் பெரிய வால்வை எடுத்துக்கொண்டு சேலத்து லேத்துக்குப் போய்ப் பக்கத்திலேயே நின்று கடைந்து வாங்கிவந்தேன். பிறகு வால்வையும் அது உட்காரும் இடத்தையும் பசை தடவி ஒன்றோடொன்று தேய்க்கும் வேலை. ஒரு குச்சியை உள்ளங்கைகளுக்கு நடுவில் வைத்து உருட்டிக்கொண்டே இருக்க வேண்டும். இரண்டு நாள் உருட்டினேன். சோறு பிசைய முடியாமல் கை எரிந்தது. இதெல்லாம் முடிய எட்டு நாள்.

மூடியைப் பூட்டும்போது சவரிமுத்து, “எவ்வளவு இடைவெளி வெக்கப் போறீங்க?” என்று கேட்டான். அதுதானே எனக்கும் தெரியவில்லை! அவன் பானெட்டின் உள்பக்கம் ஒரு மூலையில் அழுக்கைத் துடைத்தான். அங்கே ஒரு சின்னத் தகடு. அதில் எல்லா அளவும் கொட்டை எழுத்தில் இருந்தது, இங்கிலீஷில். அவன் எஸ்டேட்டில் எழுத்துக்கூட்டப் பழகியவன். படித்துச் சொன்னான். நான் வைத்தது அதில் பாதிகூட இல்லை. எனக்கு இங்கிலீஷ் வராது. அதனால் எழுதியிருந்த இடத்தைத் துடைத்துப் பார்க்கவும் தோன்றவில்லை. நான் கூசிப்போய் நின்றதைப் பார்த்து நஞ்சப்பா எனக்காகச் சண்டைக்கு வந்தான்: “தமிழ்லயும் எழுதலை, கன்னடத்துலயும் எழுதலை, அப்புறம் நம்ம மேல என்ன தப்பு?”

மாட்டு வண்டிக்குப் பின்னால்

இப்போது கடகடப்பு திரும்ப வந்துவிட்டது. கூடவே அந்த ‘டக்’கும். சூடேறினால் நின்ற இடத்திலேயே கேட்டது. ரேஸுக்குப் பதினோரு நாள். பெங்களூர்க்காரர்கள் சொன்னபடி, என்ஜினின் அடிவயிற்றில் பிஸ்டன் தண்டைத் தாங்குகிற பிக்கெண்டு பேரிங்தான் என்றால் சவரிமுத்து காரை விட்டுவிட்டுக் கடலைக் காட்டுக்குப் போக வேண்டியதுதான். அதற்கு ஒரு சோதனை உண்டு. என்ஜின் ஓடும்போது பிளக் ஒயரை ஒவ்வொன்றாகப் பிடுங்க வேண்டும். பேரிங் போன சிலிண்டரின் ஒயரைப் பிடுங்கினால் சத்தம் அடங்கும். நாலையும் பிடுங்கிப் பார்த்தேன். எதற்கும் அடங்கவில்லை. “பேரிங் இல்லப்பா” என்றேன். “அப்புறம் என்னாங்க?” என்றான். இனிக் காதை வைத்துத்தான் தேட வேண்டியிருந்தது.

மறுநாள் காலையில் அவன் ஓட்ட, நான் பக்கத்தில் சுருண்டு உட்கார்ந்து, ஒரு ரப்பர் குழாயின் ஒரு முனையைக் காதிலும் மறுமுனையைக் காலடித் தகட்டிலும் வைத்துக்கொண்டு தொப்பூர் மேட்டில் ஏறினோம். வளைவுகளில் அவன் ஓட்டிய வேகத்துக்கு நான் கேட்டதெல்லாம் என் நெஞ்சுச் சத்தம்தான். வெல்லம் ஏற்றிய மாட்டு வண்டி ஒன்று வழியை அடைத்துக்கொண்டு நின்றது. கார் நின்றது. டக், டக், டக் என்று கேட்டுக்கொண்டிருந்த சத்தம் சட்டென்று நின்றது. பிறகு மறுபடி வந்தது. “இப்ப என்னா பண்ணே?” என்று கத்தினேன். “ஒண்ணும் பண்ணலீங்க! கிளச்ச மிதிச்சு விட்டேன்!” “மறுபடி மிதி!” நின்றது. “விடு!” வந்தது. “மிதி! விடு! மிதி!” கிளச்சை மிதித்தால் நிற்கிற சத்தம் என்ஜினுக்குள் இல்லை, அதன் முதுகில் இருக்கிறது. நாங்கள் இரண்டு பேரும் கூரையில்லாத காரில் கத்திக்கொண்டிருப்பதை வண்டிக்காரர் இறங்கிவந்து இடுப்பில் கைவைத்துப் பார்த்தார். “ரெண்டு மாட்ட நான் ஒருத்தனே ஓட்டறேன். இந்தத் துண்டு வண்டிய ஓட்டறதுக்கு ரெண்டு பேராங்க?”

ஆறு போல்ட்டுகள்

ஷெட்டுக்கு வந்து கியர் பாக்ஸை இறக்கினோம். என்ஜினின் முதுகில் இருக்கிற கனத்த சக்கரத்துக்கு ஃப்ளைவீல் என்று பெயர். அதை ஆறு போல்ட்டுகள் பிடித்திருக்க வேண்டும். ஆறும் தளர்ந்திருந்தன. இரண்டை விரலாலேயே திருக முடிந்தது. முன்னால் எப்போதோ கழற்றி மாட்டிய யாரோ பூட்டுத் தகடு போடாமல் விட்டிருக்கிறார். ஒவ்வொரு மிதிக்கும் சக்கரம் ஆடி, ‘டக்’ என்று இடித்துக்கொண்டிருந்தது. அப்படியே ரேஸில் ஓடியிருந்தால் சக்கரம் பிய்த்துக்கொண்டு சவரிமுத்துவின் கால் வழியாகத்தான் வெளியே வந்திருக்கும். அவனிடம் அதைச் சொல்லாமல் விட்டேன். அவனுக்கே தெரிந்திருந்தது, காலைத் தடவிக்கொண்டிருந்தான்.

நல்லவேளை, மரைகள் கெடவில்லை. நஞ்சப்பா போல்ட்டுகளின் தலையில் துளை போட்டு, இறுக்கிய பிறகு ஒன்றையொன்று கம்பியால் பின்னிக் கட்டினான். இனி ஒன்று அவிழ வேண்டும் என்றால் மற்ற ஐந்திடமும் கேட்க வேண்டும். ரேஸுக்கு எட்டு நாள் இருக்கையில் கார் கிளம்பத் தயாரானது. ‘டக்’ இல்லை. ஆனால் டேப்பட் நாலு தையல் மிஷினாக ஓடியது. ரோட்டில் போன இரண்டு லாரி டிரைவர்கள் நின்று எட்டிப் பார்த்தார்கள். மாதப்பன் கூனிக்குறுகிப் போனார். “கொஞ்சமாவது கொறப்பா” என்று என்னிடம் கெஞ்சினார். நான் அசையவில்லை. கடைசியில் காரின் பக்கத்தில் குனிந்து சவரிமுத்துவிடம் சொன்னார்: “தம்பி, நம்ம ஷெட்ல செஞ்சதுன்னு இப்ப யாருகிட்டயும் சொல்லாத. ஜெயிச்சா சொல்லு.”

ரேஸ் முடிந்த மூன்றாம் நாள்

ரேஸ் அன்றைக்கு ஞாயிற்றுக்கிழமை. அன்று வந்த லாரிகளில் எனக்கு ஒரு சத்தமும் சரியாகக் கேட்கவில்லை. திங்கள், செவ்வாய் போயிற்று. தகவல் இல்லை. செய்தித்தாளில் தேடினேன். முதலில் வந்தவன் பெயர் மட்டும்தான் போட்டிருந்தது, அது சவரிமுத்து இல்லை. போனதடவை மாதிரி பாதியில் நின்றிருக்கும் என்று முடிவுகட்டி, புதன்கிழமை காலையில் பாயை விரித்தேன். வழக்கம்போலத் தூக்கம் வரவில்லை. அதனால்தான் கிருஷ்ணகிரிப் பக்கமிருந்து அந்தக் கடகடப்பு வருவது முதலில் எனக்குக் கேட்டது. ஓடிப்போய் ரோட்டில் நின்றேன். சவரிமுத்து மூக்கு நுனிவரை கரி, கண்ணாடி போட்டிருந்த இடம் மட்டும் வெள்ளை. முகத்தைக் கழுவவே மனசில்லாமல் வந்திருக்கிறான்.

ஓடி முடித்துவிட்டான். மூன்றாவதாக வந்திருக்கிறான். முதலாளி இடுப்புவலியோடு எழுந்து நின்று கைதட்டினாராம், கார் விற்பனைக்கு இல்லை என்று அங்கேயே வாங்க வந்திருந்த ஆளிடம் சொல்லிவிட்டாராம். அடுத்த வருஷமும் இவன்தான் ஓட்டுகிறான். மாதப்பன் அதற்குள் ரோட்டில் போகிறவர்களுக்கெல்லாம் நம்ம ஷெட்டில் செய்த கார் என்று சொல்ல ஆரம்பித்துவிட்டார். சவரிமுத்து இறங்கிவந்து இரண்டு கையாலும் என் கையைப் பிடித்துக்கொண்டான். “கடைசி ரவுண்டுல சுத்தியும் அத்தன காருங்க அண்ணா. எந்தச் சத்தம் எவனுதுன்னே தெரியல. என் கடகடப்பு காதுல விழுந்துக்கிட்டே இருந்துச்சு. அது கேக்கற வரைக்கும் மிதிக்கலாம்னு மிதிச்சுட்டேன்.”

பன்னிரண்டு வருஷம் ஊரார் வண்டிகளின் சத்தத்தையெல்லாம் நிறுத்திச் சாப்பிட்ட எனக்கு, ஒரே ஒரு சத்தத்தை நிறுத்தாமல் விட்டதற்குத்தான் ஒருத்தன் கையைப் பிடித்து நன்றி சொன்னான்.